ஏர்த் வயர்

போயா நாள்.
சாராயக் கடைக்கும் எனக்கும் விடுமுறை.
ஹம்டன் லேன் மாடிவீட்டின் கீழ்த்தளத்தில்
பதினைந்து ஸ்ரீ சன்னியின் இடது கதவை
மேசைக் கத்தியால் நெம்புகிறேன்.
டக்.
பதினொரு கிளிப்பில் நான்காவதும் போயிற்று.

வெள்ளை உடுத்துப் பன்சலைக்குப் புறப்பட்ட
வொச்சர் லயனல் நின்று பார்க்கிறார்.
"பாஸிடம் குடுத்தா அரை மணித்தியாலம், மிஸ்."
தெரியும்.
பஞ்சிகாவத்தையில் பாஸ் கேட்ட கூலி
ஸ்பீக்கர் விலையிலும் கூட.
அதோடு "மாத்தயா வரல்லையா" என்று
என் தோளுக்குப் பின்னால் வேறு தேடினார்.

ஸ்பீக்கர்கள் ஜப்பானில் எங்கோ மோதி நொறுங்கிய
காரொன்றின் கதவிலிருந்து வந்தவை.
காந்தத்தின் முதுகில் இன்னும்
புரியாத எழுத்தில் ஒரு ஒட்டுத்தாள்.
ஆறரை அங்குலம்.
சன்னியின் துளையோ நாலு.
பால்மாப் பெட்டி அட்டையில் வட்டம் வெட்டி
அதைப் பார்த்துத் தகரத்தைக்
கடித்துக் கடித்து நறுக்கினேன்:
இரண்டரை மணி நேரம், ஒரு பிளாஸ்டர்.

கதவின் வயிற்றுக்குள் மணல்,
பச்சை வளையல் துண்டு, இரண்டு ரூபாக் குற்றி,
யாரோ எப்போதோ தேடி ஓய்ந்த சாவி.
சாவியைத் துடைத்துத்
திரும்ப அங்கேயே போட்டேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

பழைய செட்டைக் கழற்றியபோதுதான் கவனித்தேன்.
கூட்டும் பொத்தானில் கோடுகள் புத்தம் புதிதாய்.
குறைக்கும் பொத்தான் வழுக்கை.
மணல்மூட்டைக் காலத்தில் ஓடிய செட்.
பல்வைத்தியர் திருவருட்செல்வம்
எத்தனை சந்தியில் எத்தனை பல்லவியை
முணுமுணுப்பாக்கிவிட்டுக் கண்ணாடியை இறக்கினாரோ.
இரண்டாயிரத்து ஐந்தில் எனக்கு விற்றார்.
மிச்சத்தைத் தேய்த்தது நான்.

சிவப்பு வயர் பற்றரியிலிருந்து
கிளட்ச் கேபிளின் றப்பர்த் துளைக்குள் நுழைந்து
கம்பளத்துக்குக் கீழே ஊர்ந்து
பின்சீற்றுக்குப் போனது.
கறுப்பு வயருக்கு அவ்வளவு மரியாதை இல்லை.
அருகிலிருந்த ஏதோவொரு ஸ்குரூவில் முடிந்துவிட்டேன்.
பாடியது.
பேஸ் என் முழங்காலைத் தட்டிப் பேசியது.
எஞ்சினைக் கிளப்பினேன்.
ஈஈஈ.
மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறுகிற ஒரு நுளம்பு
பாட்டுக்கும் எனக்கும் நடுவில்.

மூன்றாம் மாடி பஸ்மில்
மீற்றரைத் தந்துவிட்டு டியூஷனுக்கு ஓடினான்.
நாலு ஓம்.
பூச்சியமாய் இருக்கவேண்டிய இடத்தில் நாலு ஓம்.

யோசித்துப் பார்த்தால்
கார் நிலத்தைத் தொடுவதே இல்லை.
நாலு ரயரின் காற்றுக்கு மேல் நிற்கிறது.
அதற்கு ஏர்த் என்பது அதன் உடம்புதான்.
அந்த உடம்பைக் கடலுப்பு
இருபது வருஷமாய் நக்கியிருக்கிறது.
ஸ்குரூ பெயின்றில் நிற்க,
பெயின்ற் துருவில் நின்றது.

அரத்தாளால் சுரண்டினேன்,
காசளவு வெள்ளைத் தகரம் தெரியும் வரை.
கிறீஸ் தடவி இறுக்கினேன்.
நுளம்பு செத்தது.
லயனல் கோயிலால் திரும்பி வந்து
பாற்சோறு ஒரு துண்டு நீட்டினார்,
கை கழுவ விடாமல்.

இரவு, தெஹிவளைப் பக்கம்.
வலதில் கடல்.
கடலுக்கு இந்தப் புறம், ஜன்னல் ஜன்னலாய்,
பாணந்துறை ரயில்.
ஒலி பதினெட்டில்.
காவலரண் இருந்த திருப்பத்தில்
என் இடது கட்டைவிரல் தானாய் எழும்பி
பொத்தானைத் தேடியது.
அந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை.
புதியதில் திருகுகுமிழ், அதுவும் மற்ற ஓரத்தில்.
விரல் கொஞ்சம் பிளாஸ்ரிக்கைத் தடவிவிட்டு
கியருக்குத் திரும்பியது.
பாட்டு அதுபாட்டுக்குப் போனது.

இடது கதவில் ஏதோ தட்டுகிறது,
தாளத்துக்கு அரை எட்டுப் பிந்தி.
கிளிப்பா, சாவியா.
சனிக்கிழமை பஞ்சிகாவத்தைக்குப் போகவேணும்.